மார்கழிக்கு ஈனும் கிடேரி

அம்மையப்பன் வீட்டிலிருந்து போன் வந்தபோது முத்துராணியின் வலது கை, தோள்வரை உறை மாட்டியபடி, ஓர் எருமைக்குள் இருந்தது. இடது கையால் போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டாள்.

“ஏ முத்துராணி, நம்ம கிடேரி காலையில இருந்து கத்திக்கிட்டுக் கிடக்கு. சாயங்காலம் வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போ. ஜெர்சி இருக்குல்லா?”

“இருக்கு அண்ணாச்சி. வாரேன்.”

குரலில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்த கைதான் சட்டென்று இறுகியது. எருமை திரும்பி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குப் போனது.

முக்கூடல் வட்டாரத்தில் பசுவுக்கும் எருமைக்கும் சினை ஊசி போடுகிறவள் முத்துராணி. புருஷன் போன பிறகு பயிற்சி எடுத்து, ஒரு பழைய மொபெட்டின் முன்னால் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். கேனுக்குள் வெள்ளைப் புகையின் அடியில், எங்கோ நிற்கும் காளைகளின் வித்து மெல்லிய குச்சிகளில் உறைந்து கிடக்கும். அவள் போட்டால் சினை நிற்கும் என்று பெயர். பெரிய வீட்டுக்காரர்கள்கூட அரசு டாக்டரை விட்டுவிட்டு அவளைத்தான் கூப்பிட்டார்கள். அம்மையப்பனும் கூப்பிட்டுவிட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. கூப்பிடும் அளவுக்கு அந்த மனிதர் எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முந்திய மார்கழியில் தாமிரபரணி கரை தாண்டி வந்தது. தெருவின் மேட்டில் அம்மையப்பன் வீடு. அதை ஒட்டிப் பழைய அரிசி ஆலையின் களம், நாலு பக்கமும் மதில், முன்னால் சரிவு இறங்கும் இடத்தில் பெரிய இரும்புக் கேட்டு. ஊரே முங்கினாலும் அந்தக் களம் முங்காது. முழங்கால் தண்ணீரில் தெருக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றார்கள். பத்திர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மையப்பன் உள்ளே குடையைப் பிடித்தபடி சொன்னார்: “தெருவுல ரெண்டு மாட்டுக்குக் கோமாரி இருக்கு. உள்ள விட்டா என் மாடு எல்லாம் போயிரும். ரோட்டு மேட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க.”

மற்றவர்கள் ஏசிக்கொண்டே ரோட்டுக்கு ஓட்டினார்கள். முத்துராணி மட்டும் தன் பசு பவளத்தை அந்தக் கேட்டின் கம்பியில் கட்டினாள். “அண்ணாச்சி, ஏழு மாசச் சினை அண்ணாச்சி, அவ்வளவு தூரம் நடக்காது. நான் போய் கேனை எடுத்துட்டு ஓடியாந்திருதேன். அதுக்குள்ள திறந்து விட்டிருங்க.” எப்படியும் திறப்பார் என்று நம்பினாள். சினை மாட்டை யாரும் வெளியே விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்த உலகம் சொன்னது.

கேனை எடுத்துக்கொண்டு திரும்பியபோது நடுவில் தெரு இல்லை, ஆறுதான் இருந்தது. யாரோ அவளைப் பள்ளிக்கூடத்து மாடிக்கு இழுத்து ஏற்றினார்கள். அங்கிருந்து அந்த இரும்புக் கேட்டு தெரிந்தது. பவளத்தின் முதுகு தெரிந்தது. பிறகு கொம்பு மட்டும் தெரிந்தது. அவிழ்த்து விட்டிருந்தால் நீந்தியிருக்கும். ஆனால் அது மாடு பழகிய கை போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

இரண்டு வாரம் கழித்துக் கடைத்தெருவில் அவளைப் பார்த்த அம்மையப்பன், “வெள்ளத்துல உன் மாடு போயிட்டாமே, பாவம்” என்றார்.

போயிட்டாமே. யாரோ சொல்லிக் கேட்டதுபோல.

அன்றைக்கு முத்துராணி சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாமி செய்தால் தாமதமாகும், இரக்கப்பட்டுப் பாதியில் விட்டுவிடவும் கூடும் என்று நினைத்தாள். தானே செய்வது என்று முடிவு கட்டினாள்.

போன் வந்த அன்று சாயங்காலம் அந்தக் கேட்டு அவளுக்காகத் திறந்தது. கயிறு தேய்ந்த இடம் கம்பியில் தெரிகிறதா என்று பார்த்தாள். அதன்மேல் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

கிடேரியின் பெயர் வடிவு. குட்டையான நாட்டு ரகம். பால்போல வெள்ளை, மை தீட்டிய கண். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதுதான் செல்லம். அம்மையப்பன் தன் கையாலேயே அதற்கு வாழைப்பழம் ஊட்டுவார். தொழுவத்து வேலை பார்க்கும் முத்துமாலை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மாப்பிள்ளை எந்த ஊரு மைனி?”

“ஊரு பேரு கேட்டு என்ன செய்யப் போறே? சீர் செய்யப் போறியா?”

“இல்ல, கேனுக்குள்ளயே கிடந்து வெறைச்சுப் போயிருப்பாரே, ஒரு போர்வையாவது வாங்கிக் குடுப்போம்னு பாத்தேன்.”

அம்மையப்பனே சிரித்துவிட்டார். அவர் மனைவி ஞானம்பாள் பித்தளைச் செம்பில் வெந்நீரோடு வந்தாள். உறைந்த குச்சியை இளக்குவதற்கு அது வேண்டும். எல்லா வீட்டிலும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இந்த வீட்டில் மட்டும் கேட்காமலே வரும். கை கழுவ இன்னொரு செம்பும் கூடவே வரும்.

“சூடு போதுமா பாரு ராணி.”

“போதும்மா.”

முத்துராணி கேனின் மூடியைத் திறந்தாள். புகை வழிந்து தரையில் பரவியது. ஒரு குவளையில் ஜெர்சி, இன்னொன்றில் எச்.எஃப். முதல் ஈத்துக் கிடேரிக்கு, அதுவும் இந்த உயரத்துக்கு, சின்னக் கன்றாகப் பிறக்கும் ஜெர்சியைத்தான் போட வேண்டும். எச்.எஃப். என்பது பெருத்த சீமைக் காளை. அதன் கன்றுக்குத் தலையும் தோளும் அகலம். வடிவின் இடுப்பெலும்பு வழியாக அது வராது. தாயும் போகும், கன்றும் போகும். பவளமும் அதன் கன்றும் போனதுபோல.

இடுக்கி எச்.எஃப். குவளைக்குள் இறங்கியது. குச்சிக்குள் இருக்கும் வித்துக்கு முகம் கிடையாது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஞானம்பாள் கொடுத்த வெந்நீரில் அதை இளக்கினாள். பங்குனியில் விழுந்தால் மார்கழியில் ஈனும். அந்த மாதமும் அவளுக்காகவே வந்து நிற்பதுபோல் இருந்தது.

“ஜெர்சிதானே?” என்றார் அம்மையப்பன்.

“ஜெர்சிதான் அண்ணாச்சி.”

இளகிய குச்சியைத் துடைத்து ஊசிக்குழலில் செருகினாள்.

மூன்றாம் மாதம் கை விட்டுப் பார்த்து, “நின்னுருக்கு” என்று சொன்னபோது, அம்மையப்பன் வீடு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். முத்துராணியும் ஒரு வாய் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இனித்தது. அதற்குப் பிறகு அவள் கோபம் வடிவின் வயிற்றோடு சேர்ந்து வளர்ந்தது. எங்கே போனாலும் அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று, வடிவு அசை போடுவதைப் பார்ப்பாள். அம்மையப்பன் அதன் நெற்றியைத் தடவிக்கொடுப்பதையும் பார்ப்பாள். ‘தடவும், நல்லாத் தடவும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். இரவில் படுத்தால் அவர் முகம்தான் வரும். அலறும் முகம், அழும் முகம், தலையில் அடித்துக்கொள்ளும் முகம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போவாள். இப்படி ஒரு தூக்கம் யாருக்கும் வர வேண்டாம்.

ஆடிப்பூரம் வந்தது. அன்றைக்கு நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. பிள்ளை வேண்டிப் போகும் பெண்களுக்கு அம்மனின் வளையல் கிடைக்கும். மறுநாள் ஞானம்பாள் முத்துராணியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

களத்தில் கோலம் போட்டு, வடிவைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு தாம்பாளத்தில் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய்ச் சாதம். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். ஞானம்பாள் அதைத் திறந்தாள். உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

“கல்யாணம் ஆன வருசத்துல இருந்து வாங்குனது. எனக்குத்தான் குடுத்து வைக்கல. வாங்குன வளையல் சும்மா கிடக்க வேண்டாம்னு தோணுச்சு” என்று சிரித்தாள். “நீ முதல்ல போடு ராணி.”

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முத்துராணி பின்வாங்கினாள். “நான் எப்படிம்மா? நான் தாலி அறுத்தவ. நல்ல காரியத்துல...”

“உன் கையாலதான இது நின்னுச்சு? உன்னைய விட்டா வேற யாரு போடணும்? வா இங்கன.”

சரடில் கோத்த வளையலை முத்துராணி வடிவின் கொம்பில் மாட்டினாள். வடிவு தலையை ஆட்டியது, வளையல் குலுங்கியது. நெற்றியில் குங்குமம் வைத்த விரல் சுட்டதுபோல் இருந்தது. இன்னும் நேரம் இருந்தது. இந்த மாதத்துக்குள் டாக்டரிடம் சொன்னால் ஒரே ஊசியில் கலைத்துவிடலாம். கிடேரி பிழைக்கும். ஆடி போய்விட்டால் அதுவும் முடியாது.

“பாத்தியா, வளையல் போட்டதும் என்ன பெருமை அவளுக்கு!” என்று அம்மையப்பன் உரக்கச் சிரித்தார். கேட்டின் பக்கத்தில், அந்தக் கம்பியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

முத்துராணி வாயை மூடிக்கொண்டாள். போகும்போது, “நல்லாப் புண்ணாக்கு வைங்க அண்ணாச்சி. கண்ணு நல்லாப் பெருத்து வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் வைத்தார். அவள் சொன்னதைவிடக் கூடவே வைத்தார்.

மார்கழி பிறந்து சில நாளில், கோயில் ஒலிபெருக்கி பாடி ஓய்ந்து வெயில் ஏறிய நேரத்தில், முத்துமாலை மூச்சு வாங்க வந்து நின்றான்.

“மைனி, தண்ணிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு. கால் ரெண்டும் தெரியுது, மேற்கொண்டு வரல. அண்ணாச்சி கூட்டியாரச் சொன்னாக.”

அவள் அவசரப்படாமல் புடவையைச் சரிசெய்து, பையை எடுத்தாள். இத்தனை மாதம் காத்திருந்த நாள். வழியெல்லாம் மனம் ஒரே நிலையில் இருந்தது.

வடிவு படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு முக்கலுக்கும் கண் வெளியே வந்து போனது. அம்மையப்பன் பனியனோடு அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஞானம்பாள் இரண்டு செம்பு வெந்நீரையும் தேங்காய் எண்ணெயையும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். முத்துராணி கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு உள்ளே விட்டாள்.

குளம்பு அவள் மணிக்கட்டின் பருமன் இருந்தது. தலை எலும்பின் வாசலில் வந்து முட்டி நின்றது. அவள் நினைத்ததுபோலவே எல்லாம் இருந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல, கன்றின் வாய்க்குள் விரலை வைத்தாள்.

கன்று விரலைச் சப்பியது.

சூடான சின்ன நாக்கு விரலைச் சுற்றி வளைத்து, பால் என்று நம்பி இழுத்தது. முத்துராணி கையை எடுக்கப் பார்த்தாள். அது விடவில்லை. மறுபடி சப்பியது. வெள்ளத்துக்கு முந்திய வாரம் பவளத்தைச் சோதித்தபோது அதன் கன்று உள்ளங்கையில் வந்து முட்டியது அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் தனியாக நின்று சிரித்திருந்தாள்.

“என்னளா, உயிர் இருக்கா?” என்றார் அம்மையப்பன்.

“இருக்கு.”

“அப்புறம் என்ன? முத்துமாலை, கயித்தைக் கொண்டா லே. காலைக் கட்டி நாலு பேரா இழுத்தா வந்துரும்.”

அவள் பேசாமல் இருந்தால் போதும். அவர் கையாலேயே, அவர் கயிற்றாலேயே, அவர் செல்லத்தை அவர் கொன்றுவிடுவார். இதைவிட முழுசான பழி ஒன்றை அவள் படுக்கையில் கிடந்த எந்த இரவிலும் நினைத்துப் பார்த்ததில்லை. முத்துமாலை கயிற்றைக் கொண்டுவந்தான். கன்றின் காலில் சுருக்கை மாட்டினான். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு.

“இழுக்காத” என்றாள் முத்துராணி. “ராமையன்பட்டி பெரிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்.”

“ஜெர்சிக் கண்ணுக்கு ஆபரேசனா? ஊர்க்காரன் வழிச்சுக்கிட்டுச் சிரிப்பான். போன வருசம் கருப்பிக்கு இழுத்தே எடுக்கலியா? புடி லே அங்கன.”

“ஜெர்சி இல்ல.”

“என்னது?”

“எச்.எஃப். போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். இழுத்தா ரெண்டும் செத்துரும்.”

முத்துமாலையின் கையிலிருந்து கயிறு நழுவியது. அம்மையப்பன் பைய எழுந்தார். “எதுக்கு?”

“கேட்டைப் பூட்டுனீகல்லா.”

“எந்தக் கேட்டை?”

அவள் எடுத்து எடுத்துப் பார்த்து வைத்திருந்த முகங்களில் இந்த முகம் இல்லை. அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாக அவள் சுமந்தது அவரிடம் ஒரு துளிகூட இருந்ததில்லை.

“வெள்ளத்தன்னைக்கு” என்றாள் ஞானம்பாள். “ராணி மாட்டைக் கட்டிட்டுப் போனால்லா. நீங்க உள்ள போய்ப் படுத்துட்டீக. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. அது கத்துனது எனக்குக் கேட்டுது. திறந்தா நீங்க ஏசுவீகன்னு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.” அவள் முத்துராணியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். “கயிறு தேய்ச்ச தடம் தெரியக் கூடாதுன்னு நாந்தான் பெயின்ட் அடிக்கச் சொன்னேன்.”

அம்மையப்பன் மனைவியைப் பார்த்தார்; பிறகு முத்துராணியிடம் திரும்பினார். “அதுக்காக ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லப் பாத்தியே, பாவி!”

“ஆமா அண்ணாச்சி. என் மாடும் வாயில்லா ஜீவன்தான்.”

அவர் பதில் சொல்லும்முன் ஞானம்பாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். பெரிய கேட்டின் இரண்டு கதவுகளையும் மதிலோடு மோதும்வரை தள்ளித் திறந்தாள். “முத்துமாலை, காஜா முகைதீனுக்குப் போன் போடு. குட்டியானை வண்டியைக் கொண்டாரச் சொல்லு. ஓடு.”

அந்தச் சின்ன சரக்கு வண்டியில் வைக்கோல் பரப்பி வடிவை ஏற்றினார்கள். காஜா முகைதீன் பின்கதவை ஏற்றி மாட்டினார். “பள்ளம் பாத்துப் பைய ஓட்டுதேன் அண்ணாச்சி, துவா செய்யுதேன்” என்று மட்டும் சொன்னார். பின்னால் முத்துராணி முழங்காலிட்டு உட்கார்ந்து, வடிவு முக்கும்போதெல்லாம் கன்றை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். ஞானம்பாள் மாட்டின் தலையை மடியில் வைத்திருந்தாள். கன்று இடையிடையே விரலைச் சப்பிப் பார்த்தது. அது நிற்கும்போதெல்லாம் முத்துராணி விரலால் அதன் நாக்கைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டர் சித்ரலேகா இளம்பெண். மாட்டைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். விலாவைக் கிழித்து எடுத்தபோது கன்றை இரண்டு ஆள் தூக்க வேண்டியிருந்தது. கருப்பும் வெள்ளையுமாக, ஈரமாக, வீட்டுக்கே பொருந்தாத ஒரு காளைக் கன்று. தும்மியது. தலையைத் தூக்கப் பார்த்து விழுந்தது. தையல் போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார்:

“இவ்வளவு குட்டையான கிடேரிக்கு இந்த ஊசியைப் போட்டது யாரு? கண்ணு அவிஞ்சு போச்சா?”

அம்மையப்பன் முத்துராணியைப் பார்த்தார். இப்போது முறை அவருடையது. அவர் வாய் திறக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

“நாந்தான் டாக்டர். வேணும்னேதான் போட்டேன்.”

டாக்டரின் கை நின்றது. “இனி நீங்க ஊசி போடக் கூடாது. இதை நான் மேல சொல்லாம இருக்க முடியாது.”

“சொல்லுங்க.”

வெளியே வந்து குழாயடியில் நின்றாள். கையெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. தண்ணீர் வரவில்லை. ஞானம்பாள் ரோட்டைத் தாண்டிப் போய், டீக்கடையில் ஒரு வாளி வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“சூடு போதுமா பாரு ராணி.”

முத்துராணி கையை நீட்டினாள். ஞானம்பாள் முழங்கையிலிருந்து ஊற்றினாள். வெள்ளம் வடிந்த அன்றுகூட அழாதவள், கேட்டடியில் கிடந்த பவளத்தின் கழுத்துக் கயிற்றை அரிவாளால் அறுத்தபோதுகூட அழாதவள், அந்த ஒரு வாளி வெந்நீரும் தீரும்வரை நின்று அழுதாள். மன்னிப்புக் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. தண்ணீர் ஊற்றியதுதான் நடந்தது.

மறுநாள் காலையில் வடிவையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அம்மையப்பன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் பின்பக்கச் சின்னக் கண்ணாடியைத் தள்ளித் திறந்து முத்துராணியிடம் கேட்டார்:

“உன் மாட்டுக்கு என்ன பேரு?”

அந்தப் பெயரை அவருக்குக் கொடுக்க வேண்டுமா என்று யோசித்தாள்.

“பவளம்.”

அவர் கண்ணாடியை மூடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். முத்துராணிக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குத் தீனி வைக்கும் வேலை இனித் தனக்கு இல்லை என்று பட்டது.

தெருமுனை வந்தது. முந்தின நாள் திறந்த கேட்டை யாரும் சாத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பாத்துவின் ஆடுகள் அத்தனையும் களத்துக்குள் இருந்தன. அம்மையப்பன் ஆசையாக வைத்த செவ்வந்திச் செடிகளில் குச்சிதான் மிச்சம். நடு வாசலில் ஒரு தாய் ஆடு குட்டிக்குப் பால் கொடுத்தபடி, வண்டியைப் பார்த்துக்கொண்டு நகராமல் நின்றது.

அம்மையப்பன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். பின்னால் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. ஞானம்பாள் அதை விரலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பைய விடும்வே” என்றார் அம்மையப்பன், காஜா முகைதீனிடம். “ஆடு நிக்கி.”